சோத்துக்கைப் பக்கம்

தம்பிக்கு அப்பா எழுதுவது.

வெட்கக்கேடான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தள்ளிப்போட்டால், தள்ளிப்போட்டதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்துவிடுவேன். அது என் பழக்கம். கல்யாணமான வருடத்திலிருந்து தவக்காலம் தவறாமல் நான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் வருகிறேன் என்பது உனக்குத் தெரியும். சின்ன வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீயும் அந்த வரிசையில் நின்றிருக்கிறாய். கூண்டுக்கு முன்னால் முழங்காலில் நின்று அப்பா அப்படி என்னதான் சொல்கிறார் என்று ஒருமுறை கேட்டாய். அது சாமிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். இப்போது சொல்கிறேன். இத்தனை வருடமாக நான் அங்கே சொல்லி வந்தது பெரும்பாலும் உன் அம்மாவின் பாவங்கள். 'கோபப்பட்டேன் சாமி, ஏன்னா அவ பேசுற பேச்சு அப்படி.' 'பொய் சொன்னேன் சாமி, உண்மையைச் சொன்னா எங்க அண்ணன் சண்டைக்கு வருவாரு, அவரு குணம் அப்படி.' பழைய சாமியார்களுக்குக் காது மந்தமோ, மனசு பெரிதோ, கேட்டு மன்னித்து அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் புதிதாக வந்திருப்பவர் உன்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உங்க வீட்டம்மாவுது முடிஞ்சது, உங்க அண்ணனுது முடிஞ்சது. இன்னும் யாரு பாவமாவது பாக்கி இருக்குங்களா?" என்றார். இதை அவர் வெளியில் சொல்லக் கூடாது. நான் சொல்லக் கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை.

ஈஸ்டர் முடிந்ததும் உனக்குக் கல்யாணம். போன ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தாயிற்று. உன் பெயரையும் பெண்ணின் பெயரையும் சொல்லி, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் கேட்டபோது, உன் அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் பழக்க தோஷத்தில் வாயைத் திறந்துவிடுவேன் என்று அவளுக்குப் பயம். தடை ஒன்றும் இல்லை, தம்பி. ஒரு சங்கதி மட்டும் இருக்கிறது. அதைக் கோயிலில் சொல்ல முடியாது, போனில் சொன்னால் நீ 'மீட்டிங்ல இருக்கேன்ப்பா' என்பாய். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே உன் அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். எழுதி முடித்ததும் அவள்தான் பிழை பார்க்கப் போகிறாள்.

நீ லீவில் வந்திருந்தபோது நடந்ததுதான். காரைக்காலிலிருந்து உன் மாமியாராகப் போகிறவர் தனியாக ரயிலேறி வந்தார். தஞ்சாவூர் ஸ்டேஷனுக்குப் போய் அவரை அழைத்துவர வேண்டியது நீ. வண்டி வந்தது ஐந்து மணிக்கு, நீ போய்ச் சேர்ந்தது ஆறரைக்கு. அந்த அம்மாவின் போனில் சார்ஜ் இல்லை. மடியில் கருவாட்டுப் பையை வைத்துக்கொண்டு பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து அடுத்த பெஞ்சுக்குப் போய்விட, ஒரு முழு பெஞ்சும் தனக்கே கிடைத்தது என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். நல்ல மனுஷி. அவரிடம் நீ என்ன சொன்னாய்? 'அப்பாதான் அத்தை, நேரத்தை மாத்திச் சொல்லிட்டாங்க.' வாசலில் செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்று நான் அதைக் கேட்டேன். விருந்துக்குச் சமையல் பாத்திரம் வாடகை பேச உன் அம்மாவும் நானும் போயிருந்த கடையிலிருந்துதான் உனக்குப் போன் செய்தேன். பழைய சிநேகிதன் ஒருவன் அங்கே அகப்பட்டான், அவனோடு பேசிக்கொண்டே சொன்னேன், வாஸ்தவம். ஆனால் தெளிவாகச் சொன்னேன். இருந்தாலும் சம்பந்தி அம்மா முன்னால் நான் உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. "ஆமாம்மா, வயசாகுதுல்ல, இப்பல்லாம் நேரம் காலமே தலையில நிக்கிறதில்ல" என்று தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு என் பெருந்தன்மையை நினைத்து நானே கொஞ்ச நேரம் கண் கலங்கினேன். பார்க்க ஆள் இல்லாததால் சீக்கிரம் நிறுத்திவிட்டேன்.

உன்மேல் கோபம் இல்லை. எங்கிருந்து வந்த சரக்கு இது என்று எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸ் குடிலில் கழுதையின் காதை ஒடித்துவிட்டு, குழந்தை யேசு தள்ளிவிட்டார் என்று சொன்னவன் நீ. அதை நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். நீ பத்தாம் வகுப்பு படித்தபோது அரையாண்டுப் பரீட்சையில் கணக்கில் போய்விட்டது. நேரே என்னிடம் வந்து, "படிக்கலப்பா. கிரிக்கெட் ஆடிட்டேன்" என்றாய். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் சொன்னாய். நான்தான் பதறிப்போய், "இப்படியா சொல்லுவாங்க? கரெண்டு இல்லன்னு சொல்லு" என்று வழி காட்டினேன். அதோடு விடாமல் உன்னைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கே வந்து, கணக்கு வாத்தியாரிடம் நானே ஆரம்பித்தேன். "எங்க தெருவுல ராத்திரியானா கரெண்டே இருக்கிறதில்ல சார்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "நான் உங்க பின்தெருதான் சார். ஒரே டிரான்ஸ்பார்மர்" என்றார். நீ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மார்க்குக்காக வெட்கப்படுகிறாய் என்று அப்போது நினைத்தேன். உண்மையோடு வந்த பிள்ளையின் கையிலிருந்து அதைப் பிடுங்கிக்கொண்டு பொய்யை எடுத்துக் கொடுத்தவன் நான். நீ வெட்கப்பட்டது என்னைப் பார்த்துத்தான் என்பது எனக்கு இந்த வருடம்தான் உறைத்தது. அது உறைப்பதற்கு ஒரு அறுவடை மிஷின் தேவைப்பட்டது.

இந்தச் சம்பா அறுவடையின்போது உனக்குப் போனில் ஒரு கதை சொன்னேன், ஞாபகம் இருக்கும். ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த மிஷின் டிரைவர் தூங்கிக்கொண்டே ஓட்டி, நம் வயலை விட்டுவிட்டுப் பக்கத்துக் கலியமூர்த்தி வயலை அறுத்துத் தள்ளிய கதை. நீ மூச்சு வாங்கச் சிரித்தாய். மறுநாள் உன் ஆபீசிலும் சொன்னதாகச் சொன்னாய். அந்தக் கதையில் மிஷின் உண்மை, வயல் உண்மை, கலியமூர்த்தி உண்மை. தூக்கம் மட்டும் நான் போட்டது.

நடந்தது இது. நம் மேல வயலும் கலியமூர்த்தி வயலும் ஒட்டினாற்போல் கிடக்கின்றன, நடுவில் ஒரே வரப்பு. ரோட்டிலிருந்து வயலைப் பார்த்து நின்றால் இடது பக்கம் நம்முடையது, வலது பக்கம் அவனுடையது. நாம் முன்னால் நட்டோம், நெல் முற்றிவிட்டது. அவன் பின்னால் நட்டான், இன்னும் ஒரு வாரம் பத்து நாள் நிற்க வேண்டிய பயிர். மிஷின் இறங்கும் முன் வயல்காரன் நேரில் போய் நின்று வரப்பைக் காட்ட வேண்டும். மிஷினால் திரும்ப முடியாத நாலு மூலையையும் கையால் அறுத்து வைத்திருக்கவும் வேண்டும். அறுத்த மூலையைப் பார்த்தாலே டிரைவருக்கு எந்த வயல் என்று புரிந்துவிடும். மூலை அறுக்க ஆள் சொல்லியிருந்தேன், வரவில்லை. நான் தேடவும் இல்லை, அரிவாளை எடுக்கவும் இல்லை. புது வேட்டி கட்டியிருந்தேன். சேறு பட்டால் உன் அம்மா பேசுவாள் என்று அதற்கும் அவளையே காரணமாக வைத்திருந்தேன். அப்படியே பஸ் ஸ்டாப் டீக்கடையில் போய் உட்கார்ந்துவிட்டேன். கீழத்தெருவில் ஒரு நிச்சயதார்த்தத்தில் மோதிரம் பாயச அண்டாவில் விழுந்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் மாமா அண்டாவுக்குள் கையை விடுகிற இடம் வந்தபோது போன் அடித்தது.

"ஐயா, மிஷின் வந்திருச்சுங்க. வரப்புக்கு எந்தப் பக்கமுங்க?"

"சோத்துக்கைப் பக்கம்ப்பா."

"ஒரு எட்டு வந்து காட்டிட்டுப் போயிருங்களேன்."

"சோத்துக்கை தெரியாதா உனக்கு? இறங்குப்பா."

"கொஞ்சம் பச்சையாத் தெரியுதுங்க."

"அந்த ரகம் அப்படித்தான் இருக்கும். நீ அறு."

நான் உட்கார்ந்திருந்த பெஞ்சு வயல்களுக்கு முதுகைக் காட்டியிருக்கிறது. என் சோற்றுக்கைப் பக்கத்தில் நம் வயல். அவன் வயலுக்கு முகத்தைக் காட்டி நின்றான். அவன் சோற்றுக்கைப் பக்கத்தில் கலியமூர்த்தி வயல். அவ்வளவுதான் நடந்தது. தூக்கமும் இல்லை, மயக்கமும் இல்லை. அண்டாவிலிருந்து மோதிரத்தை எடுத்து முடித்துவிட்டு நான் எழுந்து போனபோது கலியமூர்த்தி எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தான், வயல் முக்கால்வாசி மொட்டையாகிவிட்டது. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன்பே நான், "தெளிவாச் சொன்னேன்ய்யா இவன்கிட்ட" என்றேன். டிரைவர் மிஷினிலிருந்து இறங்கி வந்து, "சோத்துக்கைப் பக்கம்னாருங்க" என்றான். "எந்தப் பக்கம் பாத்து நின்னா சோத்துக்கைன்னு ஒரு டிரைவருக்குத் தெரியவேணாமா?" என்று நான் சத்தம் போட்டேன். அந்தக் கேள்விக்கு இன்றைக்கு வரைக்கும் எனக்கே அர்த்தம் தெரியாது. ஆனால் சத்தமாகச் சொன்னதால் எடுபட்டது. கலியமூர்த்தி ஒரு பிடி பச்சை நெல்லை எடுத்து, ஒன்றைக் கடித்துப் பார்த்துத் துப்பினான். வேறொன்றும் பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அதோடு நின்றிருந்தால் ஒரு பொய்யோடு போயிருக்கும். உன் அப்பனுக்குத்தான் கதை சொல்லாவிட்டால் சோறு இறங்காதே. டீக்கடையில் யாரோ, "என்னண்ணே, அடுத்தவன் வயலையே அறுத்துட்டீங்களாமே" என்று கேட்டான். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்த நொடியில் கோமாளி நானா அவனா என்று முடிவாக வேண்டியிருந்தது. அவன் தலை இப்படித் தொங்கியது, வாயிலிருந்து எச்சில் இப்படி ஒழுகியது, எழுப்பியபோது அவன் ஊர்ப் பேச்சில், 'கனாவுல உங்க வயலுதானுங்க வந்துச்சு' என்றான், இப்படியே நடித்துக் காட்டினேன். டீ ஆற்றுகிறவர் கிளாசை வைத்துவிட்டுச் சிரித்தார். மறுபடி சொல்லச் சொன்னார்கள், சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டாவி கூடியது. கதை பூதலூர் பக்கம் வரைக்கும் போய், தூங்குமூஞ்சி டிரைவர் என்று பெயர் வைத்துத் திரும்பி வந்தது. மிஷின் ஏஜெண்டிடம் கேட்கிறவர்கள் எல்லாம், "அந்தத் தூங்குமூஞ்சியை மட்டும் அனுப்பிடாதீங்க" என்று ஆரம்பித்தார்கள்.

அந்தப் பையன் பெயர் சேகர். இத்தனை வருடம் மிஷினில் உதவியாளாக வந்தவன், வரப்போரம் நின்று வைக்கோல் சிக்கினால் எடுத்துவிடுகிறவன். இந்த அறுவடைப் பட்டத்தில்தான் முதல் தடவையாக சீட்டில் உட்கார்ந்திருக்கிறான். பட்டம் முடிவதற்குள் பேரெடுத்தால் அந்த சீட்டு அவனுடையது, இல்லையென்றால் அடுத்த வருடம் மறுபடி கீழே நின்று வைக்கோல் எடுக்க வேண்டியதுதான். இதெல்லாம் எனக்கு அப்போதே தெரியும். மிஷினை நிறுத்த நம் கோயில் மைதானத்தில்தான் இடம் கொடுத்திருந்தார்கள், பங்குப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் அனுமதி கொடுத்ததே நான். சுற்றிலும் எல்லா வயலிலும் மிஷின் ஓடிக்கொண்டிருக்க, இவன் மட்டும் வேலையில்லாமல் அந்த மிஷினைத் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்கத் துடைக்க அது பளபளவென்று ஆனது, வயலில் இறங்காத மிஷின் என்று தூரத்திலிருந்தே தெரிந்தது. அவனைத் தாண்டித்தான் கோயில் முன்வாசலுக்குப் போக வேண்டும். நான் பூசைக்குப் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சக்கரீஸ்து அறை வழியாகப் போய்வர ஆரம்பித்தேன். பக்தி கூடிவிட்டது, பூசைச் சாமான்களை எடுத்து வைக்கிறார் என்று நாலு பேர் பேசிக்கொண்டார்கள். மறுக்கவில்லை.

இந்த நிலையில்தான் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். இன்னும் யாருடையதாவது பாக்கி இருக்கிறதா என்று சாமியார் கேட்டார் என்றேனே, அப்போது வேறு வழியில்லாமல், "வயல்ல ஒரு தப்பு நடந்துபோச்சு சாமி" என்று ஆரம்பித்தேன். "யாரு பண்ணுனது?" என்றார். நான் பெஞ்சு, வரப்பு, ஆள் வராதது, போனில் சிக்னல் என்று சுற்றி வந்தேன். முழங்கால் வலி தாங்காமல் கடைசியில், "நான்தான் சாமி" என்றேன். அந்த இடத்தில் அந்த இரண்டு வார்த்தையை நான் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். எனக்கு அபராதமாக ஜெபமாலை எதுவும் சொல்லச் சொல்லவில்லை. "டீக்கடையில சொன்னதை டீக்கடையிலயே திருத்திச் சொல்லுங்க. அந்தப் பையன் வேலைக்கு ஒரு வழி பண்ணுங்க. அப்புறம் முன்வாசல் வழியா வாங்க" என்றார். சக்கரீஸ்து விவகாரம் அவருக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் டீக்கடைக்குப் போனேன். தம்பி, உண்மையைச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாமெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம், அது பாதிதான் சரி. நான் எழுந்து நின்று, அவன் தூங்கவில்லை, போனில் பக்கம் மாற்றிச் சொன்னது நான், வந்து காட்டச் சொல்லி அவன் கெஞ்சியும் போகாதது நான் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லோரும் கேட்டுச் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவர், "நல்லாத்தான் இருக்குண்ணே, ஆனா போன வாரம் சொன்னீங்கள்ல, எச்சி ஒழுகுன கதை, அதுதான் டாப்பு" என்றார். இன்னொருவன், "பாவம், அந்த டிரைவருக்காக அண்ணன் பழிய ஏத்துக்கிறாரு பாரு" என்றான். என்னைத் தியாகியாகவே ஆக்கிவிட்டார்கள். பொய் கிளம்பியபோது கூடவே ஓடிய கால்கள் எல்லாம், அதைத் திருப்பி அழைத்துவரக் கேட்டால் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை.

அங்கிருந்து நேரே கலியமூர்த்தியிடம் போனேன். அவன் ரோட்டோரம் அந்தப் பச்சை நெல்லைக் காய வைத்து, காலால் துழாவி விட்டுக்கொண்டிருந்தான். ஈரம் அதிகம் என்று கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பியிருந்தார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு, மறு கோடியிலிருந்து துழாவ ஆரம்பித்தேன். இரண்டு பேரும் நடுவில் சந்தித்தோம்.

"கலியமூர்த்தி, அந்தப் பையன் மேல தப்பில்லய்யா."

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"நீதான். அவன் எச்சி ஒழுகத் தூங்குனான்னு ஊரெல்லாம் சொன்னியே, நீ எனக்கப்புறம்தானே வயலுக்கே வந்த. எங்கேருந்து பாத்த?"

நான் நெல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அப்ப ஏன்யா அன்னைக்கே கேக்கல?"

"நீயா சொல்லுவன்னு பாத்தேன். இவ்வளவு நாள் இழுப்பன்னு நினைக்கல."

அவனுக்கு விளைச்சலில் குறைந்ததை நம் நெல்லிலிருந்து அளந்து போடுகிறேன் என்றேன். "அது போடத்தான் போற, அதை விடு" என்றான். "எனக்குத் தெரிஞ்சதை என்கிட்ட வந்து சொல்லி என்ன ஆவப்போவுது? ஏஜெண்டுகிட்ட போ. அந்தப் பையன்கிட்ட போ. கோயில் பக்கத்துல இருக்கான், போறதுக்கு உனக்கு வழி தெரியும்ல, முன்பக்கமா."

அந்த மைதானத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு வந்த யோசனைகளை எல்லாம் எழுதினால் நீ என்னை மதிக்க மாட்டாய். ஒன்றை மட்டும் சொல்கிறேன்: வரப்பையே சரியாகப் போடாத என் தாத்தாவின் மேல் பழியைப் போட முடியுமா என்றுகூட ஒரு கணம் பார்த்தேன். சேகர் மிஷின் நிழலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். அது எனக்கு இன்னும் சங்கடமாகப் போயிற்று. தப்பு என்னுடையது, நான் தெரிந்தே உன் தலையில் கட்டினேன், மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். பாயச அண்டாவைப் பற்றிச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது, விழுங்கிக்கொண்டேன். அவன் துடைக்கிற துணியை மடித்து மிஷின்மேல் வைத்தான்.

"சரிங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க. நான் தூங்குனாப்புல ஏதோ பேசிக் காட்டுனீங்களாமே. எல்லாரும் சிரிச்சாங்கன்னு சொன்னாங்க. அதை எனக்கு ஒருவாட்டி பேசிக் காட்டுங்க."

கிண்டல் இல்லை, தம்பி. கோபமும் இல்லை. ஊரே பார்த்ததை அவன் மட்டும் பார்க்கவில்லை, பார்க்கக் கேட்கிறான். நான் எத்தனையோ மேடையில், கோயில் மைக்கில், சாவு வீட்டில்கூடப் பேசிச் சிரிக்க வைத்தவன். அன்றைக்கு வாயைத் திறந்தேன். அந்தக் குரல் வரவில்லை. "வேணாம்ப்பா" என்றேன். "ஏனுங்க, இங்க ஆளில்லைங்கிறதாலயா?" என்று கேட்டான். அதற்கு என்னிடம் இருந்த ஒரே பதில் ஆமாம் என்பதுதான். உனக்கு நான் புத்தி சொல்வதாக இருந்தால் இந்த ஒரு இடத்தைத்தான் சொல்வேன். நாம் ஒரு காரணம் சொல்லித் தப்பிக்கும்போது, அது அந்தரத்தில் போய்க் கரைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர்மேல் போய் உட்காருகிறது. அவர் நம் எதிரில் இல்லாத வரைக்கும்தான் நமக்கு நாக்கு சுழலும்.

ஏஜெண்டுக்கு அவன் முன்னாலேயே போன் போட்டேன். "இது என்னங்க, கதைக்கு இன்னொரு கதையா?" என்றார். என் பேச்சுக்கு இருக்கும் மதிப்பு அது. பின்னாலேயே வந்து நின்றிருந்த கலியமூர்த்தி போனை வாங்கி, "எனக்கு இன்னொரு வயலு இருக்கு, பின்பட்டத் தாளடி, அதுக்கு இந்தப் பையனை அனுப்புங்க. அறுபட்டது என் வயலு, நான் கேக்குறேன்" என்றான். அது போதுமானதாக இருந்தது. தாளடி அறுப்பு அன்றைக்கு என்னை அரிவாளோடு வரச் சொன்னான். நாலு மூலையையும் நான் குனிந்து அறுத்தேன். சேறு முழங்கால் வரைக்கும், வேட்டி போன இடம் தெரியவில்லை. பிறகு மிஷினுக்கு முன்னால் வரப்பைச் சுற்றி நடந்து காட்டினேன். சேகர் மேலே சீட்டிலிருந்து ரோடு கேட்க, "ஐயா, எந்தப் பக்கமுங்க?" என்றான். ரோட்டில் நின்றவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள், டீ ஆற்றுகிறவரும் அதில் இருந்தார். புதுக் கதை அன்றைக்குத்தான் ஓட ஆரம்பித்தது, என் உதவி இல்லாமல். அதற்குப் பிறகு அவனுக்குச் சில வயல்கள் வந்தன. எல்லாம் திரும்பி வந்தது என்று சொல்ல மாட்டேன். நல்ல அறுப்பு நாட்கள் அவன் மிஷின் துடைப்பதிலேயே போய்விட்டன. அடுத்த வருடம் சீட்டு உண்டா என்று கேட்டதற்கு, வரட்டும் பார்க்கலாம் என்றிருக்கிறார் ஏஜெண்ட். அவன் ஊருக்குப் போகும்போது முன்வாசல் பக்கம் நின்று வழியனுப்பினேன். கை கொடுத்தான். சிரிக்கவில்லை.

இதை ஏன் உனக்கு இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், நீ ஒரு பெண்ணைக் கட்டி ஒரு வீட்டில் வைக்கப் போகிறாய். வீட்டுக்குள் காரணம் சொல்வது வெளியில் சொல்வதைவிடச் சுலபம், பழியைப் போட ஆள் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். நான் இத்தனை வருடம் உன் அம்மாவை அதற்குத்தான் வைத்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கினால், பஸ் போனால், மழை வந்தால்கூட அவள்தான். அவள் பதில் பேசினால் அதையும் கொண்டுபோய்ச் சாமியாரிடம் போட்டேன். நீ அப்படி ஆரம்பிக்காதே. ஸ்டேஷனுக்கு நேரம் கழித்துப் போனால், 'போனேன் அத்தை, லேட்டாப் போனேன், தப்பு என்னுது' என்று நிறுத்திவிடு. அதற்குப் பின்னால் ஒரு 'ஏன்னா' வரும், அதை விழுங்கிக்கொள். விழுங்கப் பழகினால் அவ்வளவு கசப்பில்லை. சம்பந்தி அம்மா தங்கமானவர், நீயாக ஒரு போன் போட்டு, அப்பா மேல் தப்பில்லை அத்தை என்று சொல்லிவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. எனக்காகக் கேட்கவில்லை. எனக்கு என்ன, நான் பழி சுமந்து பழகிவிட்டேன், மூன்று வாரமாக.

இங்கே ஒரு சின்ன விஷயம். இதுவரை எழுதியதை உன் அம்மா படித்தாள். இரண்டு பிழை திருத்தினாள், மழைக்குக்கூட அவள்தான் காரணம் என்ற இடத்தில் ஒரு 'ம்' போட்டாள். முழுவதும் முடித்துவிட்டு அவரைக்காய்த் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவள் சொன்னாள்: "எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. பாத்திரக்கடையில பையனுக்குப் போன் பண்ணப்ப நான் பக்கத்துலதான் நின்னேன். அந்த சிநேகிதருகிட்ட ஏதோ மோதிரம், அண்டான்னு சொல்லிக்கிட்டே, வண்டி ஆறரைக்குன்னுதான் சொன்னீங்க."

ஐந்து மணி என்பது சம்பந்தி அம்மா என்னிடம் சொன்ன நேரம். ஆறரை, நம் கோயிலில் மாலைப் பூசை நேரம்.